இரவு மலைப்பாதைக்கு மஹிந்திரா தாரில் எந்த லைட், எங்கே மாட்டுவது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். உங்களிடம் இருப்பது மூன்று கதவு மஹிந்திரா தார் டீசல், கம்பெனி ஹாலோஜன் ஹெட்லைட். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டுக்கு அடிக்கடி இருட்டிய பிறகு போகிறீர்கள். கடைசிச் சில கிலோமீட்டர் கல்லும் சேறுமான எஸ்டேட் பாதை. வருடத்துக்கு ஒருமுறை நண்பர்களோடு ஜெய்சல்மேர் பக்கம் மணலுக்கும் போவது உண்டு. கடைக்காரர் கூரையில் 50 அங்குல லைட் பார் (நீளமான பட்டை லைட்) போடச் சொல்கிறார், 300 வாட் என்கிறார். போடலாமா, இல்லை வேறு எதாவதா, எங்கே மாட்டுவது, எந்த பிராண்ட் என்று கேட்கிறீர்கள்.

கூரை பார் வேண்டாம். பம்பரில் தாழ்வாக ஒரு ஜோடி நல்ல மஞ்சள் ஃபாக் லேம்ப், பானெட் கீல் பக்கத்தில் ஒரு ஜோடி சின்ன ஃப்ளட் லைட் (ஒளியை அகலமாகப் பரப்பும் லைட்). உங்கள் தேவையில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும். தூரத்துக்கான டிரைவிங் லைட் அப்புறம், அதுவும் தேவைப்பட்டால். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காரணம் பிடிபட்டுவிட்டால் கடையில் யார் எதைக் காட்டினாலும் உங்களால் முடிவெடுக்க முடியும்.

லைட் வாங்கும்போது பலரும் முதலில் கேட்பது எத்தனை வாட், எத்தனை லூமன் என்று. முதலில் கேட்க வேண்டியது, எந்த வேகத்தில் போகிறோம், அந்த வேகத்தில் எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பது. எஸ்டேட் பாதையில் நீங்கள் 20 கி.மீ. வேகத்துக்கு மேல் போக மாட்டீர்கள். அந்த வேகத்தில் ஒரு தடையைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், சரளையில் வண்டி சுமார் 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 60 கி.மீ. வேகத்தில் அதே சரளையில் ஏறக்குறைய 60 மீட்டர் வேண்டும். 80 என்றால் 95 மீட்டர். ஆக, மெதுவாகப் போகும் பாதையில் தூரம் உங்கள் பிரச்சினையே இல்லை. அகலம்தான் பிரச்சினை. இடது சக்கரம் எந்தக் கல்லின் மேல் ஏறுகிறது, வளைவின் உள்பக்கம் ஓடை வெட்டு எங்கே இருக்கிறது, வெளிப்பக்கம் மண் எங்கே சரிந்திருக்கிறது, இதெல்லாம்தான் தெரிய வேண்டும். 500 மீட்டர் அடிக்கும் லைட் இதில் ஒன்றையும் காட்டாது.

லூமன் என்பது லைட்டிலிருந்து மொத்தமாக வெளிவரும் ஒளி. அது எந்தப் பக்கம் போகிறது என்பதை லூமன் சொல்லாது. ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. கணக்கு எளிது: கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ், அதாவது அந்த இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு கிடைக்கும். ஒரே 3,000 லூமனை 50 டிகிரி அகலத்தில் பரப்பினால் சுமார் 5,000 கேண்டெலா வரும், 70 மீட்டரில் 1 லக்ஸாகத் தேய்ந்துவிடும். அதையே பத்து, பதினொரு டிகிரிக்குள் குவித்தால் ஒரு லட்சம் கேண்டெலா, 1 லக்ஸ் 316 மீட்டர் வரை போகும். உச்சிக்கு வந்த முழுநிலவின் ஒளியே அதிகபட்சம் 0.3 லக்ஸ் அளவுதான். சில கம்பெனிகள் 1 லக்ஸ் விழும் இடத்தையும், சில கம்பெனிகள் 0.25 லக்ஸ் விழும் இடத்தையும் தங்கள் லைட்டின் தூரம் என்று அச்சடிக்கின்றன. ஒரே லைட்டுக்கு இரண்டாவது கணக்கில் தூரம் இரு மடங்காகக் காட்டும். பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்கும்போது எத்தனை லக்ஸில் அளந்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் அந்த எண்ணை நம்பி எதையும் ஒப்பிட முடியாது.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லைட் பார் விற்கும் இடத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. வண்டிக்கு முன்னால் ஐந்து, பத்து மீட்டருக்குள் வெளிச்சம் கொட்டினால் கண் அதற்குப் பழகிக்கொண்டு பாவையைச் சுருக்கிவிடும். உடனே 80 மீட்டரில் இருப்பது முன்பைவிட இருட்டாகிவிடும். ஓட்டுபவருக்கோ நன்றாகத் தெரிவது போலவே தோன்றும், ஏனென்றால் அருகில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. தார்ச்சாலையில் இது ஆபத்து. அதனால் பரந்த லைட்டை மெதுவாகப் போகும் இடத்தில் மட்டும் போடுங்கள், வேகம் கூடும்போது அணைத்துவிடுங்கள். டாஷ்போர்டு வெளிச்சத்தையும் ஸ்கிரீன் வெளிச்சத்தையும் குறைத்து வைப்பது இதே காரணத்துக்காகத்தான். செலவில்லாத வேலை, நிறையப் பேர் செய்வதில்லை.

புது லைட்டுக்கு முன்னால் இருக்கிற ஹெட்லைட்டைக் கவனியுங்கள். ஹாலோஜன் பல்ப் வோல்டேஜுக்கு மிகவும் உணர்ச்சியுள்ளது. பல்ப் முனையில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போல விழுந்துவிடும். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஒரு அளவு, பல்ப் கப்ளரில் (பல்ப் செருகும் இணைப்பில்) ஒரு அளவு எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரு வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்) வைத்த தடிமனான வயரிங் போட்டாலே அதே 60/55 வாட் பல்ப் புது வண்டி போல எரியும். 100/90 வாட் பல்ப் போடாதீர்கள், கப்ளர் உருகும். ஹாலோஜன் ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி. பல்ப் செருகுவதும் வேண்டாம். அந்த ரிஃப்ளெக்டரின் வளைவு ஒரு மெல்லிய இழை ஒரு குறிப்பிட்ட புள்ளியில் இருப்பதை நம்பிச் செய்தது. எல்.இ.டி. சில்லு அதே வடிவில், அதே இடத்தில் உட்காராவிட்டால் டிம் லைட்டின் மேல்விளிம்பு கலைந்து எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், உங்களுக்கும் தூரம் குறையும். விண்ட்ஷீல்டின் உள்பக்கத்தையும் துடையுங்கள். வெயிலில் பிளாஸ்டிக் ஆவி படிந்து ஒரு மெல்லிய படலம் இருக்கும். பகலில் தெரியாது, எதிர் லைட்டில் முழுக் கண்ணாடியும் மங்கிவிடும்.

இனி பனிமூட்டம். உங்கள் பாதைக்கு மிக முக்கியமானது இதுதான்.

அட்டகட்டி தாண்டி கவர்க்கல் பக்கம் பனி இறங்கும் நேரத்தில் ஹைபீம் போட்டுப் பார்த்திருப்பீர்கள். பானெட் முனையிலேயே ஒரு வெள்ளைச் சுவர் எழும். அந்த வெள்ளை முழுக்க உங்கள் லைட்டிலிருந்து கிளம்பிப் பனித்துளியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வந்த ஒளி. லைட் எந்த அளவு கண்ணுக்கு அருகில் இருக்கிறதோ, கண் பார்க்கும் கோட்டோடு அதன் ஒளி எந்த அளவு ஒட்டிப் போகிறதோ, அந்த அளவுக்குத் திரும்பி வருவதும் அதிகம். கூரையில் இருக்கும் பார் உங்கள் தலைக்கு மேல் அரை மீட்டரில் இருக்கிறது. பனியில் அதைவிட மோசமான இடம் வண்டியில் கிடையாது. ஃபாக் லேம்ப் பம்பரின் அடியில் இருப்பதற்கும் காரணம் இதுதான். ஒளி தரையை ஒட்டி, மேலே கத்தியால் வெட்டியது போன்ற விளிம்போடு, அகலமாகப் போகும். வெளிச்சம் படும் பனி எல்லாம் உங்கள் பார்வைக்கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். அந்த விளிம்புக்கு மேலே இருட்டாக இருக்கும் பனி வழியாக நீங்கள் பார்க்கிறீர்கள். கடையில் சோதிக்க ஒரே வழி, லைட்டைச் சுவரில் அடித்து மேல்விளிம்பு நேர்க்கோடாக இருக்கிறதா என்று பார்ப்பது. வட்டமாகவோ பூசணிக்காய் வடிவிலோ விழுந்தால், கண்ணாடி எவ்வளவு மஞ்சளாக இருந்தாலும் அது ஃபாக் லேம்ப் இல்லை.

மஞ்சள் ஒளி பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி எதுவும் நடப்பதில்லை. பனித்துளியின் அளவு சுமார் 10 மைக்ரான், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான். துளி அவ்வளவு பெரிதாக இருக்கும்போது நீலமும் மஞ்சளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறும். இருந்தும் மஞ்சளையே வாங்கச் சொல்கிறேன். நீலம் கலந்த வெள்ளை ஒளி கூசும், கண்ணைச் சீக்கிரம் களைக்க வைக்கும், வயது ஏற ஏற இன்னும் அதிகமாக. நீலத்தை வடிகட்டிவிட்டால் பனியிலும் மழையிலும் கண்ணுக்கு நிம்மதியாக இருக்கும், ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பிரான்சில் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் கட்டாயமாக இருந்தது. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். 3,000 கெல்வின் அளவில் உள்ளதை எடுங்கள். பம்பரில் ஃபாக் லேம்புக்கு இடம் ஏற்கெனவே இருந்தால் அதே இடத்தில், அதே பிராக்கெட்டில் பொருந்துவதை வாங்குங்கள். ஐரோப்பிய விதிகளில் காருக்கான முன் ஃபாக் லேம்பின் உயரம் தரையிலிருந்து 25 செ.மீ.க்குக் குறையாமலும் 80 செ.மீ.க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். நமக்கும் அது நல்ல வழிகாட்டி. மிகவும் கீழே போனால் கல்லில் அடிபடும்.

பனி அடர்ந்திருக்கும்போது ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, ஃபாக் லேம்பைப் போட்டு, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வேகத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள். எந்த லைட்டும் 15 மீட்டர் பனியை 50 மீட்டராக ஆக்காது.

அடுத்தது பானெட் கீல் பக்கத்து லைட். இதை 'டிச் லைட்' என்பார்கள். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஹெட்லைட் நேராகப் பள்ளத்தாக்கைப் பார்க்கும், நீங்கள் போகப்போகும் சாலை பக்கவாட்டில் இருட்டில் கிடக்கும். எஸ்டேட் பாதையில் இன்னும் மோசம், வளைவின் உள்பக்கம் பள்ளம் எங்கே என்றே தெரியாது. விண்ட்ஷீல்டுக்குக் கீழே, பானெட் கீலில் போல்ட் செய்யும் பிராக்கெட்டில், மூன்று அங்குல அளவு ஃப்ளட் அல்லது அகலக் கற்றை லைட் பக்கத்துக்கு ஒன்று போட்டு வெளிப்பக்கம் திருப்பிவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும். உண்மையான 20 வாட் இருந்தால் தாராளம். கோணம் 35 முதல் 45 டிகிரிக்குள். நான் இரண்டு பக்கமும் ஒரே கோணம் வைக்கச் சொல்வதில்லை. நமக்கு ஸ்டீரிங் வலது பக்கம், இடது ஓரம்தான் கண்ணுக்குத் தூரம், அந்தப் பக்கத்தில்தான் வாய்க்காலும் இருக்கும். அதனால் இடது லைட்டைக் கொஞ்சம் முன்னோக்கி, 35 டிகிரி போல வைத்தால் ஓரம் தொடர்ச்சியாகத் தெரியும். வலதை 45-க்குத் திருப்பினால் வலதுபுறக் கொண்டை ஊசியின் உள்பக்கம் திறக்கும்.

பிராக்கெட்டை இறுக்கும் முன் ஒரு ஆளை லைட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்காருங்கள். இருட்டில் லைட்டைப் போடச் சொல்லுங்கள். பானெட்டின் மேல் ஒளி விழுகிறதா, சைடு மிரரின் பின்பக்கம் மின்னுகிறதா, லென்ஸின் விளிம்பு நேரடியாகக் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். மூன்றில் எது இருந்தாலும் லைட்டை ஒரு விரல் அளவு முன்னால் தள்ளவோ கீழே குனிக்கவோ வேண்டும். வெளிர் நிற வண்டி என்றால் பானெட்டின் அந்த ஓரத்தில் மினுக்கம் இல்லாத கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் நல்லது. இந்த லைட் நெஞ்சு உயரத்தில் இருப்பதால் பனியில் இதுவும் கண்ணைக் கட்டும், அப்போது அணைத்துவிட வேண்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. டிச் லைட்டுக்கும் டிரைவிங் லைட்டுக்கும் 6,500 கெல்வின் வேண்டாம். நீலம் தூக்கலான அந்த வெள்ளையில் செம்மண்ணும் ஈரக் கல்லும் காய்ந்த இலையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். 4,500 முதல் 5,000 வரை உள்ளது கிடைத்தால் மண்ணின் ஈரம் வித்தியாசமாகத் தெரியும், சேறு எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியும்.

டிரைவிங் லைட் உங்களுக்கு வால்பாறைக்கு வேண்டியதில்லை. ஜெய்சல்மேர் பக்கம், பொதுச்சாலை அல்லாத நீண்ட தடங்களில் மாடும் ஒட்டகமும் குறுக்கே வரும் இடங்களில் பயன்படும். பொதுச்சாலையில் ஏன் போடக் கூடாது என்பதைக் கீழே சட்டம் பற்றி எழுதும்போது சொல்கிறேன். வாங்கினால் பம்பர் மேல்மட்டத்தில், ஹெட்லைட் உயரத்துக்குக் கீழேயே மாட்டுங்கள். கிரில்லுக்கு முன்னால் பெரிய வட்ட லைட்டை வைத்து ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் போகும் காற்றை மறைக்காதீர்கள். ரேடார் சென்சார் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் அதன் முன்னால் எதையும் நிறுத்தக் கூடாது. புல் பார் போட்டு அதில் மாட்டலாமே என்று கடையில் சொல்வார்கள். மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே புல் பாருக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது, மோதலின்போது ஏர்பேக் விரியும் நேரத்தையும் அது குழப்பும். பம்பரின் உள்பக்கச் சட்டத்தில் போல்ட் செய்யும் பிராக்கெட்தான் சரி.

டிரைவிங் லைட்டின் ரிலேயைத் தூண்டும் வயரை ஹைபீமிலிருந்து எடுக்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. நீங்கள் டிம் செய்த கணமே டிரைவிங் லைட்டும் அணைய வேண்டும். எதிரே லாரி வரும்போது தனி ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தனி ஸ்விட்ச் இருக்கட்டும், ஆனால் அது ஹைபீமோடு தொடரில் இருக்கட்டும்.

சரி, கூரை பாருக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. உயரத்திலிருந்து வரும் ஒளி மேட்டின் பின்னால் நிழல் விழுவதைக் குறைக்கும், தூரமும் கூடும். வேகமாகப் போகும் திறந்த வெளியில் சிலருக்கு அது பயன்படுகிறது. ஆனால் பள்ளமும் மேடும் நமக்குத் தெரிவதே நிழலால்தான். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து ஒளி அடித்தால் ஒவ்வொரு கல்லின் நிழலும் அந்தக் கல்லுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். பாதை சமதளமாகத் தெரியும், சக்கரம் இறங்கிய பிறகுதான் பள்ளம் தெரியும். தாழ்ந்த லைட்டில் அரையடிக் கல்லுக்கு நீண்ட நிழல் விழும், கண் உடனே பிடித்துக்கொள்ளும். இது போதாதென்று கூரை பாரில் காற்று ஊளையிடும், எஸ்டேட்டின் தாழ்ந்த கிளைகள் அதில்தான் முதலில் அடிக்கும், பானெட் முழுக்க வெள்ளையாகும்.

மணலில் இந்த நிழல் விஷயம் இன்னும் கூர்மை. ஜெய்சல்மேர் அருகே சாம் என்ற ஊர்ப் பக்கத்து மணல்மேட்டில் பகலில்கூட உச்சி வெயிலில் மேடு தெரியாது, நிழல் சாயும் நேரத்தில்தான் தெரியும். இரவில் ஏறும்போது எல்லா லைட்டும் வானத்தைப் பார்க்கும். உச்சியைத் தாண்டும் அந்த நொடியில் முன்னால் இருப்பது சரிவா செங்குத்தா என்று எந்த லைட்டும் காட்டாது. என் கருத்தில் இரவில் மணல்மேடு ஏறவே கூடாது. முகாமுக்குத் திரும்பும் மட்டமான தடத்துக்கு ஃபாக் லேம்பும் டிச் லைட்டும் போதும். கூட்டமாகப் போகும்போது முன் வண்டியின் புழுதி பனி போலவே வேலை செய்யும். அப்போதும் தாழ்ந்த மஞ்சள் மட்டும் போடுங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி தெரிய, ஸ்பேர் வீலுக்கு மேல் ஒரு சின்ன மஞ்சள் லைட் உதவும். ரிவர்ஸுக்கு ஒரு சின்ன ஃப்ளட் போட்டால் எஸ்டேட்டில் வண்டி திருப்ப நல்லது, ரிவர்ஸ் கியரில் மட்டும் எரியும்படி இருக்கட்டும்.

பிராண்ட் கேட்டிருந்தீர்கள். ஹெல்லா, ஆஸ்ரம், பிலிப்ஸ், பியா, பாஜா டிசைன்ஸ், ரிஜிட் போன்ற பெயர் பெற்றவற்றில் கற்றையின் வரைபடம், கேண்டெலா, உண்மையான மின்சாரச் செலவு எல்லாம் பெரும்பாலும் அச்சில் கிடைக்கும். வரைபடம் கிடைக்காத லைட்டை வாங்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. 300 வாட் பாரைக் கடையிலேயே சோதிக்கலாம். 12 வோல்ட்டில் 300 வாட் என்றால் 25 ஆம்பியர் ஓட வேண்டும். கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிப் பாருங்கள், 5 ஆம்பியர் காட்டினால் அது 60 வாட் லைட். அப்படியே 20 நிமிடம் எரியவிட்டுத் திரும்ப அளவெடுங்கள். எல்.இ.டி. சூடேற ஏற வெளிச்சம் இறங்கும். பின்பக்க அலுமினியத் துடுப்பு சூடாகிறது என்றால் வெப்பம் வெளியே வருகிறது, நல்லதுதான். துடுப்பு ஜில்லென்று இருந்து வெளிச்சம் மட்டும் மங்கினால் வெப்பம் உள்ளேயே தேங்குகிறது. பக்கத்தில் எஃப்.எம். ரேடியோ இருந்தால் போட்டுப் பாருங்கள், லைட்டைப் போட்டதும் இரைச்சல் வந்தால் உள்ளே இருக்கும் டிரைவர் (எல்.இ.டி.க்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று) மலிவானது.

தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத அளவை ஐ.பி. எண்ணில் சொல்வார்கள். ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். 69கே என்றால் வாட்டர் சர்வீஸில் அடிக்கும் சூடான, அழுத்தமான நீரையும் தாங்கும். ஓடை கடப்பவருக்கு 67 அவசியம். தார் 650 மி.மீ. ஆழம் வரை தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொல்கிறது, அந்த ஆழத்தில் உங்கள் பம்பர் லைட் முழுகிவிடும். கண்ணாடி முன்முகம் உள்ள ஹாலோஜன் லைட்டாக இருந்தால் ஓடைக்கு ஒரு நிமிடம் முன்பே அணைத்துவிடுங்கள், சூட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

வயரிங் பற்றி எலக்ட்ரீஷியனிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. கம்பெனி வயரை வெட்டி ஒட்டக் கூடாது, கப்ளரோடு கப்ளர் சேரும் ஹார்னஸ் (தயாராகக் கட்டிய வயர் தொகுப்பு) வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி பேச்சு வரும்போது சிக்கல். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்ற இல்லை, வயர் தீப்பிடிக்காமல் காப்பாற்ற. அதனால் பேட்டரிக்கு அருகில் இருந்தால்தான் பிரயோஜனம். ரிலேயில் 30-க்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி, 87-இலிருந்து லைட், 86-க்கு ஸ்விட்ச் அல்லது ஹைபீம், 85 எர்த். 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் போடச் சொல்லுங்கள். இரண்டு 55 வாட் ஹாலோஜனுக்கு, போக வர 10 மீட்டர் வயரில், இது 0.6 வோல்ட் அளவே விழும். 1 எம்.எம். வயரில் அதே இடத்தில் 1.6 வோல்ட் போய்விடும். எல்.இ.டி.க்கு அவ்வளவு இழப்பு இல்லை, ஆனாலும் தடிமனான வயர் சூடாகாது. இரண்டு 20 வாட் டிச் லைட் சேர்ந்து 3 ஆம்பியர் இழுக்கும், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ரிலே, தனி ஸ்விட்ச். எர்த்தைப் பெயிண்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் கொடுத்து மேலே கிரீஸ் தடவச் சொல்லுங்கள். மின்னி மின்னி எரியும் லைட்டில் பெரும்பாலும் கோளாறு எர்த்தில்தான் இருக்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 111-ஆவது விதிப்படி, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட்டோ சர்ச் லைட்டோ வைக்கக் கூடாது, அந்த அனுமதியும் விதிவிலக்கான சூழலுக்குத்தான். அதனால் பொதுச்சாலையில் டிச் லைட், டிரைவிங் லைட் இரண்டையும் போடாதீர்கள், ஒளி புகாத கவர் போட்டு மூடுங்கள். கவர் போட்டாலும் மாட்டியதே தவறு என்று அதிகாரி சொல்ல முடியும், அதைத் தெரிந்துகொண்டே மாட்டுங்கள். பிராக்கெட்டை எளிதாகக் கழற்றும்படி வைத்து எஸ்டேட்டிலேயே விட்டு வைப்பது இன்னும் பாதுகாப்பானது. நான் முதலில் சொன்ன ஃபாக் லேம்புக்கு இந்தத் தொல்லை இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் டிச் லைட் எவ்வளவு உதவும் என்று மேலே எழுதியது எஸ்டேட்டின் உள்பாதை வளைவுகளுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். அரசுச் சாலையில் டிம் லைட், ஃபாக் லேம்ப், குறைந்த வேகம் இவ்வளவுதான்.

நீங்கள் போவது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பாதை. இரவில் காட்டோரம் பக்கவாட்டு லைட்டைப் போட்டுக்கொண்டு போனால் வேட்டைக்கு வந்தவர் என்று வனத்துறை சந்தேகப்படும், விலங்குகளுக்கும் அது கொடுமை. யானை நின்றால் ஹைபீம் அடிக்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, டிம் செய்து, கூடுதல் லைட் எல்லாவற்றையும் அணைத்து, அதற்கு வழிவிடுங்கள். வால்பாறைப் பகுதியில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஏற்பாட்டில், பக்கத்தில் யானை இருந்தால் செல்பேசி மூலம் எரியவிடும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் சில இடங்களில் இருக்கின்றன. எஸ்டேட் ஆட்களிடம் அவை எங்கே இருக்கின்றன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, குறி வைப்பது. நல்ல லைட்டைத் தவறாகத் திருப்பி வைத்தால் எல்லாம் வீண். ஒரு டிகிரி பிசகினால் 100 மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர் மாறும். எஸ்டேட் குடோன் சுவர் மாதிரி ஒரு நேரான சுவருக்கு முன்னால், மட்டமான தரையில், 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமாக ஏற்றும் சாமானைப் பின்னால் ஏற்றி வையுங்கள், ஏனென்றால் பின்பக்கம் அமுங்கினால் எல்லா லைட்டும் மேலே தூக்கும். ஒவ்வொரு லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப்பால் அளந்து, அதே உயரத்தில் சுவரில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டிம் லைட்டின் மேல்விளிம்பு டேப்புக்கு 7.5 முதல் 10 செ.மீ. கீழே விழ வேண்டும். ஃபாக் லேம்பின் விளிம்பு 10 முதல் 15 செ.மீ. கீழே. டிரைவிங் லைட்டின் செறிவான புள்ளி டேப்பின் மேலேயோ ஒரு விரல் கீழேயோ, இரண்டும் நேராக முன்னோக்கி. ஒரு லைட்டைத் துணியால் மூடி மற்றதைத் தனியாகச் சரிசெய்யுங்கள், இரண்டும் சேர்ந்து எரியும்போது எது எங்கே விழுகிறது என்று தெரியாது.

நட்டுக்கு நைலான் வளையம் உள்ளதைப் போடுங்கள். முதல் முறை எஸ்டேட் பாதையில் போய் வந்த மறுநாளே எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், புது பிராக்கெட் அந்த முதல் குலுக்கலில்தான் அமரும். லென்ஸுக்குள் ஆவி படிந்து, அரை மணி நேரம் எரிந்தும் போகாவிட்டால் சீல் போய்விட்டது என்று பொருள், வாரண்டி இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். இறுக்கி முடித்ததும் அதே சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, டேப்புக் குறியோடு இன்னொரு முறை ஒத்துப் பாருங்கள்.